உற்றறியும் காட்சிச்சாலை

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் வகையாற் பகுக்கப் புகுந்தபொழுது, ஓரறிவுயிர்க்கு உரியதாக முதற்கண் வைத்தது உற்றறிவினையே. அஃதாவது, மெய்யினால் தீண்டி அறியும் அறிவு. நாவும் மூக்கும் கண்ணும் செவியும் அதன் பின்னரே நிரலாக வருகின்றன. மனம் எல்லாவற்றிற்கும் இறுதியில் வருகின்றது. இவ்வரிசை உயிர்வகைகளை நோக்கி அமைந்ததே யெனினும், ஒரு குழவியின் வளர்ச்சியை அணுகியிருந்து காண்பார்க்கும் இது பெரிதும் பொருத்தமாகவே தோன்றும். கைக்கு எட்டியதைப் பற்றுதல், பற்றியதை வாயிலிடுதல், இட்டதை எடுத்து எறிதல், எறிந்தது எங்குச் சென்றது எனத் தேடுதல் ஆகிய இவையே அக்குழவி தனக்குத் தானே வகுத்துக்கொண்ட பாடத்திட்டம். பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூற்றுச் செய்யுளிலும் குழந்தை வந்து நிற்பது உணவைத் தொட்டும் துழாவியும் மேனியிற் பூசியுமே யன்றோ? அச்சிதறலைப் புலவனாகிய அவ்வரசன் குற்றமாகக் கருதாமல், செல்வத்தினும் மேலான செல்வமாகப் போற்றினான்.

எனினும், நடக்கத் தொடங்கிய குழந்தையின் செவியில் நாள்தோறும் மிகுதியாக விழும் சொல் 'தொடாதே' என்பதே. அடுக்களையில் தொடாதே, கடையில் தொடாதே, உறவினர் இல்லத்தில் தொடாதே. பொருட்காட்சிச் சாலையிலோ சொல்லவே வேண்டுவதில்லை. கண்ணாடிப் பேழையே அதனைச் சொல்லிவிடும். சென்னையில் விலங்குகள் இருந்த தோட்டத்தை 'உயிர்க் காலேஜ்' என்றும், எழும்பூர்ப் பொருட்காட்சிச் சாலையைச் 'செத்த காலேஜ்' என்றும் பொதுமக்கள் வழங்கியதை முதியோர் இன்றும் நகைத்துக்கொண்டே கூறுவர். அப்பெயரை இட்டவர் கல்வியிற் குறைந்தவராய் இருந்திருக்கலாம், கூர்மையிற் குறைந்தவரல்லர். பழம்பொருள்களைக் காத்தற்குக் கண்ணாடி வேண்டுவதே. அதனை யாம் பழிக்கவில்லை. பல நூற்றாண்டு கடந்த செப்புத் திருமேனியை நாள்தோறும் ஆயிரம் கைகள் தடவுமாயின், அதன் முகம் நம் பேரர்க்கு எஞ்சாது. ஆனால் காத்தலொன்றே காட்சிச்சாலையின் தொழிலாக முடிந்துவிட வேண்டுமா என்பதே ஈண்டு எழும் வினா.

அவ்வினாவிற்கு விடையாக, 1899ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 16ஆம் நாள், நியூயார்க்கு நகரின் ஒரு பகுதியாகிய புரூக்லினில், பூங்காவொன்றின் நடுவிலிருந்த பழைய மாளிகையில் ஒரு சாலை திறக்கப்பட்டது. சிறுவர்க்கெனவே அமைந்த முதற் பொருட்காட்சிச்சாலை அதுவே என்பர். ஆங்குப் பறவைகளும் கிளிஞ்சல்களும் கனிப்பொருள்களும் சிறுவர் கண்ணுக்கு நேரான உயரத்தில் வைக்கப்பெற்றன; கையில் எடுத்துப் பார்த்தற்கும் இடந்தரப்பட்டது. சின்னாளில் அங்கு வந்துசேர்ந்து, பின்னர்ப் பல்லாண்டுகள் தலைமை தாங்கிய அன்னா பில்லிங்ஸ் காலப் என்னும் அம்மையார், 'இச்சாலை எமது' என்னும் எண்ணம் ஒவ்வொரு சிறுவர்க்கும் உண்டாதல் வேண்டும் என்பதனையே தம் கொள்கையாகக் கொண்டிருந்தார். 1913ஆம் ஆண்டில், பாஸ்டன் நகரத்து விஞ்ஞான ஆசிரியர் சிலருடைய முயற்சியால் ஆங்கும் ஒரு சிறுவர் காட்சிச்சாலை எழுந்தது.

எனினும், அவ்விடங்களிலும் பேழைகள் முற்றிலும் அகன்றுவிடவில்லை. அவற்றை அகற்றத் துணிந்தவர் 1962ஆம் ஆண்டில் பாஸ்டன் சாலையின் தலைமையேற்ற மைக்கேல் ஸ்பாக் என்னும் இளைஞர். 1946ஆம் ஆண்டில் குழந்தை வளர்ப்பைப் பற்றி நூலெழுதி உலகப்புகழ் பெற்ற மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் என்பவரின் மைந்தர் இவர். இளமையில் எழுத்துக்களைக் கூட்டிப் படித்தல் இவர்க்குப் பெருந்துன்பமாய் இருந்தது. எழுத்துமயக்கம் என்று இக்காலத்தார் கூறும் குறைபாடு அது. ஏட்டின் வாயிலாக எளிதிற் பெற இயலாத அறிவைப் பொருள்களின் வாயிலாகப் பெற்ற ஒருவர், காட்சிச்சாலையின் தலைவரானமை சிறுவருலகிற்கு நற்பேறாயிற்று. அவர் அமைத்த முதற் பெருங்காட்சியின் பெயர் 'உள்ளே என்ன?' என்பது. அன்றாடம் வழங்கும் பொருள்களை இரண்டாகப் பிளந்து, அவற்றின் அகத்தைச் சிறுவர்க்குக் காட்டியது அக்காட்சி. காட்சிச்சாலை என்பது ஏதோவொரு பொருளைப் பற்றியதன்று, யாரோ ஒருவர்க்காக அமைந்தது என்பதே அவர் கருத்து. ஈண்டு 'யாரோ ஒருவர்' என்பது மூன்றடி உயரமுள்ளவரைக் குறிக்கும்.

இவர்க்குச் சில ஆண்டுகள் பின்னர், 1969ஆம் ஆண்டில், சான் பிரான்சிஸ்கோ நகரில் 'எக்ஸ்புளோரட்டோரியம்' என்னும் விஞ்ஞானச் சாலையைத் திறந்தார் பிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டு ஆக்கத்திற்குத் தலைமை பூண்ட ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பியாகிய இவர், அரசியற் காரணங்களால் 1949ஆம் ஆண்டில் பல்கலைக்கழகப் பதவியை இழந்து, கொலராடோ மலைப்பகுதியில் மாடு வளர்த்து, பின் ஆங்கொரு சிற்றூர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராய் அமர்ந்தவர். பேராசிரியராகவே இருந்திருப்பின் அச்சாலை தோன்றியிருக்குமோ என்பது ஐயமே. அது எல்லா வயதினர்க்கும் உரியதாகலின் அதனை இவ்வளவில் நிறுத்தி, இளங்குழந்தைகளுக்குரிய சாலைக்கே மீள்வோம்.

நிற்க. பொருளைக் கையாள விடுதலும் ஒரு கல்விமுறையோ, வெறும் விளையாட்டன்றோ என வினவுவார் உளர். 1907ஆம் ஆண்டில் உரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பொன்றில் பள்ளி தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், குழந்தையின் கையே அதன் அறிவுக்குக் கருவி என்பதனை அங்குக் கண்டு உலகிற்கு உரைத்தார். அவ்வம்மையார் 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார் என்பது நம் நாட்டார் நினைவிற்கொள்ளத்தக்கது. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் பியாஜே என்பவரும், பிறந்தது முதல் ஏறக்குறைய இரண்டாண்டு வரையில் குழந்தை சிந்திப்பது சொல்லாலன்று, புலனாலும் அசைவாலுமே என்று ஆராய்ந்து காட்டினார். ஆகவே, 'ஏன் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்கின்றது?' என்று பெரியோர் சலித்துக் கூறும் செயலே அக்குழந்தையின் ஆராய்ச்சி.

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில், பாஸ்டன் நகரில் வாழும் எம் தமக்கையார் இல்லத்திற்குச் சென்றிருந்தபொழுது, அவர்தம் மக்களாகிய ஐந்து வயதுப் பெண்ணொடும் இரண்டு வயது ஆணொடும் மேற்கூறிய சாலையைக் காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டிற்று. 1979ஆம் ஆண்டு முதல் அச்சாலை கடற்கால்வாய் ஒன்றின் கரையில், முன்னர்க் கம்பளிமயிர்ப் பண்டகசாலையாக இருந்த செங்கற் கட்டடத்தில் இயங்கி வருகின்றது. வாயிலின்முன் 40 அடி உயரத்தில் ஒரு பாற்புட்டி நிற்கின்றது. 1930ஆம் ஆண்டுகளில் கட்டப்பெற்ற சிற்றுண்டிக்கடை அது. எம்முடன் வந்த சிறுவன் அதனைக் கண்டு, அவ்வளவு பாலையும் யார் குடிப்பார் என்று கவலையுற்றான். உள்ளே நுழைந்தால், மூன்று மாடி அளவிற்கு வளைந்து வளைந்து ஏறும் கம்பிவலைக் கூடொன்றில் சிறுவர் பலர் ஊர்ந்துகொண்டிருந்தனர். பெரியோர் அதனுள் எளிதிற் புகவியலாது. அதுவே அவ்விடத்து இயல்பை நமக்கு உணர்த்திவிடுகின்றது.

அங்குள்ளவற்றுள் எம்மை மிகவும் கவர்ந்தது சவர்க்காரக் குமிழிகளின் பகுதி. அகன்ற தட்டுக்களில் சவர்க்கார நீர் நிரம்பியிருக்கும். வளையங்களை அதில் தோய்த்து எடுத்தால், பெரிய பெரிய குமிழிகள் எழும். நீருக்கு மேற்பரப்பு இழுவிசை மிகுதியாதலின், தூய நீரிற் குமிழி நிலையாது; சவர்க்காரம் அவ்விழுவிசையைக் குறைத்து, மெல்லிய படலம் நீண்டு நிற்குமாறு செய்கின்றது. ஒரே அளவு காற்றை அடக்குதற்கு மிகக் குறைந்த பரப்புடைய வடிவம் உருண்டையாகலின், வளையம் எவ்வடிவினதாயினும் பிரிந்து பறக்கும் குமிழி உருண்டையே. படலத்தின் முன்புறத்தும் பின்புறத்தும் பட்டு மீளும் ஒளியலைகள் ஒன்றோடொன்று கூடியும் கழித்தும் நிற்றலால் வானவில் வண்ணங்கள் தோன்றுகின்றன. இவையெல்லாம் நாம் வகுப்பறையிற் படித்தவை. எம் தமக்கை மகள் இவற்றுள் ஒன்றையும் அறியாள். அவள் விரலால் ஒரு குமிழியைக் குத்தினாள், உடைந்தது. மறுபடியும் குத்தினாள்; உடைந்தது. மூன்றாம் முறை வளையத்தைத் தோய்க்குங்கால் கை முழுவதும் நனைந்துவிட்டது. அக்கையாற் குத்தியபொழுது விரல் உள்ளே சென்றது, குமிழி உடையவில்லை. அவள் குமிழியைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்தாள். பின்னர் ஆடையில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடியும் குத்தி, உடைந்ததைக் கண்டு, 'சித்தி, ஈரக்கைதான் உள்ளே போகும்' என்றாள். உலர்ந்த விரல் படலத்தைக் கிழிக்கும், நனைந்த விரல் அதனொடு ஒன்றிவிடும் என்னும் உண்மை அவளுக்கு ஒருவர் சொல்லி வந்ததன்று. காரணத்தை அவள் அறிந்தாளில்லை. எனினும், விரலைத் துடைத்துச் சோதித்தாளே, அச்செயலை விஞ்ஞானமென்று கூறத் தடையென்ன?

அவ்விடத்திலேயே மற்றொரு காட்சியும் கண்டோம். ஒரு தந்தையார் சுவரிலிருந்த குறிப்பை உரக்கப் படித்துத் தம் மைந்தனுக்கு விளக்கத் தொடங்கினார். விளக்கம் நன்றாகவே இருந்தது. அது முடியுமுன் மைந்தன் அடுத்த அறைக்குப் போய்விட்டான்.

பந்தோட்டப் பகுதியும் இத்தன்மையதே. கோல்ஃபு பந்துகளை உயர்ந்த இடத்தினின்று உருட்டிவிட, அவை மேடும் பள்ளமும் வளைவுமாகிய தடங்களில் ஓடுகின்றன. இடையே செங்குத்தான வட்டமொன்று இருப்பின், பந்து அதனை விழாமற் சுற்றிவருதற்கு வட்டத்தின் ஆரத்தைப்போல் ஏறக்குறைய 2.7 மடங்கு உயரத்தினின்று புறப்படல் வேண்டும் என்று கணக்கர் கூறுவர். சிறுவர் இக்கணக்கை அறியார். பந்து விழுமாயின் இன்னும் சற்று மேலே வைத்துப் பார்ப்பர். எம்முடன் வந்த சிறுவனுக்கோ வட்டமும் வேண்டுவதில்லை, மேடும் வேண்டுவதில்லை. பந்தை ஒரு வாளியிலிட்டான், கவிழ்த்தான், பொறுக்கினான், மறுபடியும் இட்டான். கால் மணி நேரம் இதுவே நிகழ்ந்தது.

மூன்று வயதிற்குட்பட்டார்க்கென ஆங்குத் தனியறை உண்டு. 1978ஆம் ஆண்டில் தோன்றிய இவ்வறையைப் பின்பற்றிப் பிற சாலைகளும் இவ்வகை அறைகளை அமைத்தன. மூத்த சிறுவர் ஓடிவந்து மோதாதபடி, தவழ்வார்க்கும் தள்ளாடி நடப்பார்க்கும் அது புகலிடமாக அமைந்துள்ளது. இத்தகைய அறைகள் பலவற்றில் ஒரு கூடை வைத்திருப்பர். குழந்தை வாயிலிட்ட விளையாட்டுப் பொருளைப் பெற்றோர் அதிற் போட்டுவிடல் வேண்டும். பணியாளர் அவற்றைக் கழுவித் திரும்ப வைப்பர். 'வாயில் வைக்காதே' என்று ஆயிரம் முறை கூறுவதினும் ஒரு கூடை வைப்பது எத்துணை அறிவுடைமை!

அச்சாலையில் மேலும் வியத்தற்குரியது, சப்பான் நாட்டுக் கியோட்டோ நகரம் தன் உடன்பிறப்பு நகரமாகிய பாஸ்டனுக்கு அளித்த இரண்டடுக்கு வீடு. பட்டு வணிகர் ஒருவர்க்கு உரியதாயிருந்த, நூறாண்டு கடந்த உண்மையான இல்லம் அது. அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கடல்கடந்து கொணர்ந்து, கட்டடத்தினுள்ளேயே மறுபடியும் எழுப்பியுள்ளனர். புகுமுன் காலணிகளைக் கழற்றல் வேண்டும். நமக்கு இது புதிதன்று. அந்நாட்டுச் சிறுவர் பலர்க்கோ, பிறிதொரு நாட்டாரின் ஒழுக்கம் முதன்முதல் பாதத்தின் வழியாகவே அறிமுகமாகின்றது. கோரைப்பாயின் மென்மையை உள்ளங்காலால் உணர்ந்தபின், அந்நாட்டைப்பற்றி நிலநூலிற் படிப்பது வேறுவகையாக இருக்கும். குமிழியைப் போலன்றி, இஃது உடைந்தால் மறுபடியும் பெறமுடியாத பொருள். ஆயினும் அதனைக் கயிறுகட்டி மறைக்காமல் உள்ளே விடுகின்றனரே, அத்துணிவை யாம் பெரிதும் மதிக்கின்றோம்.

இனி, இளங்குழந்தைகளுடன் இத்தகைய சாலைக்குச் செல்லும் பெரியோர் செய்யத்தக்கது யாது என்பதனை ஒருவாறு கூறுவோம். செய்யத்தக்கதைக் காட்டிலும் செய்யாதிருக்கத்தக்கதே மிகுதி. நுழைவுச்சீட்டிற்குக் கொடுத்த பொருளை நினைந்து, எல்லா மாடியையும் காட்டிவிட வேண்டும் என்று குழந்தையின் கையைப் பற்றி இழுத்துச் செல்வதே பெரும்பாலோர் வழக்கம். குழந்தையோ ஒரு வாளியிடத்தே கால் மணி நேரமும், ஒரு நீர்த்தொட்டியிடத்தே முக்கால் மணி நேரமும் நிற்க விரும்புகின்றது. அந்நேரம் வீணன்று, அதன்பொருட்டே அங்குச் சென்றோம். 'இஃது என்ன? இதன் பெயர் சொல்' என்று தேர்வாளரைப் போல் வினவுவதினும், 'என்ன ஆயிற்று? இன்னொரு முறை செய்தால் என்னாகும்?' என்று உடன் வியப்பவராய் வினவுதல் நன்று. ஒன்றும் வினவாமல் அருகில் தரையில் அமர்ந்திருத்தல் அதனினும் நன்று. நின்றுகொண்டிருப்பார்க்கு அச்சாலையிற் பாதி கண்ணுக்கே புலப்படுவதில்லை. சில துளைகளும் கண்ணாடிகளும் முழங்கால் உயரத்தில் அமைந்துள்ளன. கைப்பேசியில் நிழற்படம் பிடிப்போர், 'இங்கே பார், இங்கே பார்' என்று அழைத்துக் குழந்தையின் கண்ணைப் பொருளினின்றும் பிரித்துவிடுகின்றனர். இது கண்ணாடிப் பேழையை வேறொரு வடிவில் திரும்பக் கொணர்வதேயாகும்.

பிற குழந்தைகளுடன் பூசல் நேர்தல் இயல்பு. ஒரு பந்திற்கு இருவர் கை நீட்டுவர். உடனே இடைபுகாமல் சிறிது பொறுப்பின், பெரும்பாலும் இருவரில் ஒருவர் வேறு பந்தைக் கண்டுகொள்வார். அடித்தலும் கடித்தலும் தொடங்கின் மட்டும் பெரியோர் எழுதல் போதும்.

ஏனையவை சிறு செய்திகள். பள்ளி நாட்களின் முற்பகலில் மாணவர் கூட்டம் வண்டி வண்டியாக வந்திறங்கும்; மழைநாளில் ஊரே அங்கு வரும். நீர்த்தொட்டி உள்ள சாலைக்கு மாற்றாடையின்றிச் செல்லற்க. பேரொலியையும் நெரிசலையும் தாங்கவியலாத குழந்தைகளுக்கெனச் சில சாலைகள் கூட்டத்தைக் குறைத்துத் தனிவேளை ஒதுக்குகின்றன. அத்தகைய குழந்தையை உடையோர் அதனை முன்னரே கேட்டறிதல் நலம். சில சாலைகளில் குழந்தையின்றித் தனியே வரும் பெரியோரை உள்ளே விடுவதில்லை. உலகில் பல இடங்களில் பெரியோர் துணையின்றிக் குழந்தைகளை விடாத வழக்கமே உண்டு. அதற்கு நேர்மாறான இவ்விதியைக் கேட்டபொழுது எமக்கு உவகையே உண்டாயிற்று.

இச்சாலைகளுக்குக் குறையில்லை என்று யாம் கூறவில்லை. பொருள்கள் நாள்தோறும் தேய்கின்றன, உடைகின்றன. செப்பனிடுவார் ஓயாது உழைத்தல் வேண்டும். அதற்காகும் செலவெல்லாம் நுழைவுக் கட்டணத்தில் வந்து சேர்கின்றது. கட்டணம் உயர, யாருடைய வீட்டில் தொட்டு விளையாடப் பொருளில்லையோ அக்குழந்தைக்கே வாயில் அடைபடுகின்றது. வறியோர்க்குக் கட்டணத்தைக் குறைக்கும் சாலைகள் பல உள. குறைக்காதன, காலப் அம்மையாரின் கொள்கையை மறந்தனவே. வெறும் ஓட்டமும் கூச்சலுமாய், ஏறுதற்கு ஒரு வலையும் சறுக்குதற்கு ஒரு பலகையும் வைத்துக் காட்சிச்சாலை என்று பெயரிடுவனவும் உண்டு. ஓடுதல் நன்றே, அதற்குத் திடல் போதும்.

2020ஆம் ஆண்டிற் கொரோனாக் கொள்ளைநோய் பரவியபொழுது, இச்சாலைகள் உற்ற இன்னல் பிற சாலைகள் உற்றதினும் பெரிது. ஓவியச்சாலை கதவைத் திறந்தால் கண்கள் காணலாம். தொடுதலே அஞ்சத்தக்கதாகிய காலத்தில், தொடுதற்கென்றே அமைந்த சாலை யாது செய்யும்? பல மாதங்கள் அவை மூடிக்கிடந்தன. திறந்தபின்னரும், வருவோர் தொகையை வரையறுத்து, பொருள்களை வேளைதோறும் துடைத்துத் துடைத்து வைத்தனர். அவ்வாண்டுகளிற் பிறந்த குழந்தைகள் தங்கள் முதற் பருவத்தில் 'தொடாதே' என்னும் சொல்லை நம்மினும் மிகுதியாகக் கேட்டு வளர்ந்தனர். எம் தமக்கை மகளும் நோயின் பிற்பகுதியிற் பிறந்தவள். குமிழித் தட்டின்முன் முதலில் நின்றபொழுது, கையை நீட்டுமுன் அவள் தாயின் முகத்தைப் பார்த்தாள். எம் தமக்கையார் தலையசைத்தார்.

புறப்படும் வேளையே கடினமானது. திடீரென்று 'வா, போகலாம்' என்றால் அழுகை எழும். இன்னும் இரண்டு முறை, இன்னும் ஒரு முறை என்று முன்னரே எண்ணிச் சொல்லிவருதல் நலம். அங்ஙனம் சொல்லி ஒருவாறு அமைதியாக வாயிலை அடைந்தால், பல சாலைகளில் அவ்வாயிலை ஒட்டியே விளையாட்டுப் பொருட்கடை யொன்றை வைத்திருக்கின்றனர். குழந்தை உள்ளத்தை இத்துணை நுட்பமாக அறிந்தவர் பெற்றோர் பையையும் அத்துணை நுட்பமாகவே அறிந்திருக்கின்றனர்.